தொழிலாளர் பாட்டும் பூமிக்கடியில் கிடைத்த அறிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிலாளர் போராட்டப் பாடல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சில கேள்விகள் தவறாமல் வரும். பாட்டால் என்ன ஆகும், அதில் சொல்வது உண்மையா, அதற்கும் அறிவியலுக்கும் என்ன உறவு என்றெல்லாம் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

போராட்டப் பாட்டுக்கும் இயற்கை பற்றிய கண்டுபிடிப்புக்கும் என்ன சம்பந்தம்?

பல நேரங்களில் இரண்டும் ஒரே குழியிலிருந்து வந்தவை. நிலக்கரியோ தங்கமோ வெடியுப்போ, எதைத் தோண்டினாலும் பாறையையும் வாயுவையும் தூசியையும் முதலில் சந்திப்பது தோண்டுகிறவரின் உடம்புதான். தான் கண்டதைச் சொல்ல அவருக்கு ஆய்விதழ் கிடையாது, பாட்டு இருந்தது. அப்புறம் அதே குழிக்குள் புவியியலாளரும் மருத்துவரும் இயற்பியலாளரும் இறங்கினார்கள். தொழிலாளி பாடியதையே விஞ்ஞானி பிறகு எழுதிய இடங்கள் உண்டு. பாடியதற்கும் எழுதியதற்கும், எழுதியது சட்டமானதற்கும் நடுவில் எத்தனை வருடம் போனது என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் அரசியல்தான். அந்த வருடங்களில் செத்தவர்கள் ஏராளம். அதனால்தான் இந்த மூன்றையும் பிரித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

வேலைப் பாட்டும் போராட்டப் பாட்டும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. ஆனால் நடுவில் பெரிய சுவரும் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு பாரத்தை இழுக்கும்போது எல்லோருடைய மூச்சும் ஒரே நொடியில் சேர வேண்டும். அதற்குத்தான் ‘ஐலசா’. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடும் இந்த அமைப்பை உலகம் முழுக்கக் காணலாம். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு ஜிம்பாப்வேயிலிருந்து ரயிலில் வந்த தொழிலாளர்கள் பாடிய ‘ஷோஷோலோசா’ அப்படிப்பட்டது. ராபன் தீவுச் சிறையில் கல்லுடைத்தபோது கைதிகளும் அதைப் பாடினார்கள், மண்டேலா உட்பட.

வேலை வேகமாக நடக்கிறதென்றால் மேற்பார்வையாளர் பாட்டைத் தடுக்கமாட்டார். எடுத்துக் கொடுப்பவர் அடுத்த அடியில் கூலியையோ மேற்பார்வையாளரின் குணத்தையோ சேர்த்துவிட்டால் அதே பாட்டு போராட்டப் பாட்டாகிவிடும். மெட்டும் தாளமும் மாறாது. எல்லை அவ்வளவு மெல்லியது.

துண்டறிக்கை இருக்கும்போது பாட்டு எதற்கு?

இதற்கு ஜோ ஹில் 1914இல் சொன்ன பதிலைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. துண்டறிக்கை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் ஒருமுறைக்கு மேல் யாரும் படிப்பதில்லை, பாட்டோ மனப்பாடமாகித் திரும்பத் திரும்பப் பாடப்படும் என்பது அவர் கருத்து. ஸ்வீடனில் பிறந்து 1902இல் அமெரிக்கா போன கூலித் தொழிலாளி அவர். 1905இல் சிகாகோவில் தொடங்கிய உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கத்துக்காகப் பாட்டு எழுதினார். அந்தச் சங்கம் 1909 முதல் சட்டைப்பையில் அடங்கும் சிவப்பு அட்டைப் பாட்டுப் புத்தகம் போட்டது.

இன்னொரு காரணம் மொழி. 1912 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரத்து நெசவாலைகளில் வேலைநிறுத்தம் வெடித்தது. வாரத்துக்கு 56 மணி நேரமாக இருந்த வேலையைப் புதிய சட்டம் 54 ஆகக் குறைத்தது. முதலாளிகள் அதற்கேற்றபடி கூலியையும் வெட்டினார்கள். வெட்டிய தொகை சில ரொட்டிகளின் விலைதான். ஆனால் அந்த ரொட்டிகள் இல்லாமல் வாரத்தை ஓட்ட முடியாதவர்கள் அவர்கள். இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் வெளியே வந்தார்கள். இத்தாலியர், போலந்துக்காரர், லித்துவேனியர், சிரியர் என்று பல நாட்டு மக்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. எல்லோரும் சேர்ந்து செய்ய முடிந்த ஒன்று பாடுவது. அங்கே போன பத்திரிகையாளர்களை வியக்க வைத்ததும் அந்தப் பாட்டுச் சத்தம்தான். மார்ச்சில் கூலி உயர்வோடு போராட்டம் முடிந்தது.

மெட்டு ஏன் பெரும்பாலும் பழையதாகவே இருக்கிறது?

புது மெட்டைக் கற்றுக்கொடுக்க மறியல் களத்தில் நேரம் ஏது? எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் புதிய சொற்களைப் போட்டால் இரண்டாவது சரணத்துக்குள் கூட்டமே பாடிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஃப்ளோரன்ஸ் ரீஸ். 1931, கென்டக்கி மாநிலத்து ஹார்லன் மாவட்டம். அவர் கணவர் நிலக்கரித் தொழிலாளி, சங்கம் கட்டுகிறவர். அவரைத் தேடி ஷெரீஃபின் ஆட்கள் துப்பாக்கியோடு வீட்டுக்குள் நுழைந்தார்கள். முன்கூட்டியே தகவல் கிடைத்ததால் கணவர் தப்பிவிட்டார். வீட்டில் ரீஸும் குழந்தைகளும்தான். அவர்கள் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, சுவரில் தொங்கிய நாட்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதில் எழுதினார். தேவாலயத்தில் பாடிப் பழகிய ஒரு பாப்டிஸ்ட் பாடலின் மெட்டு. நீ எந்தப் பக்கம் என்று கேட்பதுதான் பல்லவி. ஹார்லனில் நடுவில் நிற்பவர் என்று யாரும் கிடையாது, சங்கத்து ஆள் அல்லது ஷெரீஃபின் அடியாள் என்று அந்தப் பாட்டு சொல்லிவிடும்.

அந்தக் கேள்வி அந்த மாவட்டத்தோடு நிற்கவில்லை. 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம் அதே பாட்டைச் சொல் மாற்றிப் பாடியது. 1973இல் ஹார்லனில் மறுபடி வேலைநிறுத்தம் வந்தபோது வயதான ரீஸே மேடையேறிப் பாடினார். குரல் நடுங்கியது, கேட்டவர்கள் எழுந்து நின்றார்கள்.

தூசியால் நோய் வருகிறது என்று முதலில் சொன்னவர்கள் மருத்துவர்களா, தொழிலாளர்களா?

நிலக்கரித் தூசியின் கதை நேர்கோட்டில் போகவில்லை. 1831இல் எடின்பரோவில் கிரெகரி என்ற மருத்துவர், இறந்துபோன நிலக்கரித் தொழிலாளி ஒருவரின் கறுத்த நுரையீரலைப் பார்த்து அதை விவரித்து எழுதினார். அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த நூற்றாண்டின் கடைசியில் மருத்துவ உலகத்தின் எண்ணம் தலைகீழாக மாறியது. பாறைத் தூசியில் இருக்கும் சிலிக்காதான் கெட்டது, நிலக்கரித் தூசி ஒன்றும் செய்யாது என்றார்கள். அது காசநோயிலிருந்து காப்பாற்றுகிறது என்றுகூடச் சிலர் நம்பினார்கள். மூச்சு வாங்குகிறது என்று வந்த தொழிலாளிக்கு ‘சுரங்கத்து ஆஸ்துமா’ என்று சொல்லி, அந்த வேலையில் இது சகஜம் என்று அனுப்பிவிட்டார்கள். மருத்துவருக்குச் சம்பளம் கொடுத்தது பல இடங்களில் சுரங்க நிறுவனமே என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த எண்ணத்தை உடைத்தவர்கள் கார்டிஃப் துறைமுகத் தொழிலாளர்கள். கப்பலின் அடித்தளத்தில் கொட்டும் நிலக்கரியை மண்வெட்டியால் பரப்புவது அவர்கள் வேலை. அவர்கள் வாழ்நாளில் பாறையைத் துளைத்ததே இல்லை. சுவாசித்தது நிலக்கரித் தூசி மட்டும். அவர்களுக்கும் அதே நோய் இருந்தது. சிலிக்கா இல்லாமலே நுரையீரல் கெடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. தென் வேல்ஸ் ஆய்வுகளுக்குப் பிறகு 1943இல் பிரிட்டன் அதைத் தொழில்நோயாக ஏற்று இழப்பீடு கொடுக்கத் தொடங்கியது.

அமெரிக்காவில் அதற்கு மேலும் இருபத்தாறு வருடம் ஆனது. 1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் செத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் அந்த மாநிலத்து நிலக்கரித் தொழிலாளர்கள் சுமார் 40,000 பேர், சங்கத் தலைமையின் பேச்சையும் மீறி வேலையை நிறுத்தினார்கள். கேட்டது கூலி உயர்வு இல்லை. கறுப்பு நுரையீரலை நோய் என்று ஒப்புக்கொள் என்பதுதான் கோரிக்கை. ஒரு மருத்துவ உண்மையை அங்கீகரிக்கச் சொல்லி நடந்த வேலைநிறுத்தம்! பஃப், ராஸ்முசன், வெல்ஸ் என்ற மூன்று மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய் நோயை விளக்கினார்கள். மார்ச்சில் மாநிலச் சட்டம் வந்தது, ஆண்டுக் கடைசியில் மத்தியச் சட்டம் வந்தது. காற்றில் எவ்வளவு தூசி இருக்கலாம் என்பதற்கு முதல்முறையாக நாடு தழுவிய வரம்பு வைத்தார்கள். அதே நோயால் அண்ணன் துர்மண்டைப் பறிகொடுத்த ஹேசல் டிக்கன்ஸ் பாடிய பாட்டு இன்றும் அந்த மலைப்பகுதியின் கீதம் போல இருக்கிறது.

நோய் ஒழிந்ததா? இல்லை. 1990களின் கடைசியிலிருந்து அப்பலாச்சிய மலைகளில் அதன் கடுமையான வடிவம் மறுபடி தலைதூக்கியது. தடிமனான நிலக்கரி அடுக்குகள் தீர்ந்துவிட்டன. மெல்லிய அடுக்கை எடுக்க மேலும் கீழும் உள்ள பாறையையும் சேர்த்து அறுக்கிறார்கள், சிலிக்கா கூடுகிறது. ஒப்பீட்டளவில் இளையவர்களின் நுரையீரலும் போகிறது.

ஹாக்ஸ் நெஸ்ட் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, அங்கே என்ன நடந்தது?

மேற்கு வர்ஜீனியாவில் ஓர் ஆற்றை மலைக்குள் திருப்பி மின்சாரம் எடுக்க 1930இல் சுமார் 5 கிலோமீட்டர் சுரங்கப்பாதை தோண்டினார்கள். பாறையில் சிலிக்கா மிக அதிகம். தண்ணீர் பாய்ச்சித் துளைத்தால் தூசி அடங்கும், ஆனால் வேலை மெதுவாகும். அதனால் உலரவே துளைத்தார்கள். உள்ளே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினத்தவர்கள். சிலிக்கா என்ன செய்யும் என்பது அன்றைய மருத்துவத்துக்கு நன்றாகத் தெரியும். இங்கே அறியாமை என்ற சாக்குக்கே இடமில்லை. 1936இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அப்போது 476 என்று சொல்லப்பட்ட இறப்பு எண்ணிக்கையைப் பிற்கால ஆய்வு ஒன்று 764 என்று கணக்கிட்டது. அதே 1936இல் ஜோஷ் வைட் என்ற ப்ளூஸ் பாடகர், சிலிக்காத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயின் பெயரையே தலைப்பாக வைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். வாயில் நுழையாத அந்த மருத்துவச் சொல் பாட்டாகத் தெருவுக்கு வந்தது.

ஜான் ஹென்றியையும் இங்கே சொல்ல வேண்டும். 1870களில் ரயில் பாதைக்காக மலையைக் குடைந்தபோது, நீராவித் துளைப்பானோடு போட்டி போட்டு வென்று, கையில் சம்மட்டியோடே செத்தவர் என்று பாடப்படுகிற கறுப்பினத் தொழிலாளி. அவரைக் கொன்றது அதிகப்படியான உழைப்பு என்கிறது பாட்டு. அந்தக் காலச் சுரங்கப்பாதைகளின் தூசியே கொன்றிருக்கலாம் என்று ஒரு வரலாற்றாசிரியர் வாதிட்டிருக்கிறார். அதை முடிவான உண்மையாக எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனாலும் அதைப் படித்த பிறகு அந்தப் பாட்டை முன்பு கேட்ட மாதிரி என்னால் கேட்க முடியவில்லை.

சுரங்க விளக்கும் கேனரிப் பறவையும் அறிவியலின் வெற்றிதானே?

ஆமாம், ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். 1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 92 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 1815இல் ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியலாளர் அழகான ஓர் உண்மையைக் கண்டார். நெருக்கமான கம்பி வலை தீயின் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் சுடர் வலையைத் தாண்டி வெளியே போகாது. விளக்கைச் சுற்றி வலை போட்டால் போதும். சுற்றிலும் மீத்தேன் இருந்தால் சுடரின் உருவமும் மாறும். விளக்கே எச்சரிக்கை மணியாகிவிடும். நல்லது. ஆனால் அதன் பிறகு வெடிப்புச் சாவுகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஆபத்து என்று கைவிட்டிருந்த வாயு நிறைந்த ஆழங்களுக்கு, இப்போது விளக்கு இருக்கிறதே என்று ஆட்களை இறக்கினார்கள்.

நச்சு வாயுவைக் கண்டறியக் கேனரியைச் சுரங்கத்துக்குள் கொண்டுவரச் சொன்னவர் ஜே. எஸ். ஹால்டேன் என்ற உடலியலாளர். வெடிப்புக்குப் பிறகு பெரும்பாலானவர்களைக் கொல்வது தீ அல்ல, கார்பன் மோனாக்சைடு என்று 1890களில் அவர் காட்டினார். அந்த வாயுவைத் தானே சுவாசித்துச் சோதித்தவர். சின்ன உயிருக்கு மூச்சும் வளர்சிதை மாற்றமும் வேகமானவை, அதனால் அது மனிதனுக்கு முன்பே தளர்ந்து விழும். பிரிட்டிஷ் சுரங்கங்களில் கேனரி 1986 வரை வேலை பார்த்தது.

சுரங்கத் தொழிலாளர்களால் இயற்கையைப் பற்றி வேறு என்ன தெரியவந்தது?

நிறைய. ஆனால் அவர்கள் பெயர் எழுதப்படவில்லை.

ஒரு நாடு முழுவதற்கும் விரிவான முதல் புவியியல் வரைபடத்தை 1815இல் வெளியிட்டவர் வில்லியம் ஸ்மித். அவர் கொல்லர் மகன், நில அளவையாளர். 1790களில் சோமர்செட் நிலக்கரிக் குழிகளில் இறங்கியபோது, பாறை அடுக்குகள் எந்த வரிசையில் வரும் என்பது அங்கிருந்த தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் பெயரே வைத்திருந்தார்கள். ஸ்மித் அந்த அறிவைப் பிடித்துக்கொண்டு, கால்வாய் வெட்டிய இடங்களிலும் அதே ஒழுங்கைத் தேடினார், புதைபடிவங்களை வைத்து அடுக்குகளை அடையாளம் கண்டார். கனவான்கள் நிறைந்த லண்டன் புவியியல் சங்கம் அவரை நெடுநாள் சேர்த்துக்கொள்ளவில்லை. 1819இல் கடனாளிச் சிறைக்கும் போனார். அங்கீகாரம் 1831இல்தான் வந்தது.

1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் ஊரில், 322 மீட்டர் ஆழத்தில் நிலக்கரி வெட்டியவர்கள் களிமண் நிறைந்த ஓர் இடத்தை முட்டினார்கள். உள்ளே தங்கம் நிரம்பிய மரத்துண்டு போல ஏதோ மின்னியது. தங்கம் அல்ல, எலும்புக்குள் படிந்த பைரைட். மூன்று வருடம் தோண்டி முப்பதுக்கும் மேற்பட்ட இகுவானடான் எலும்புக்கூடுகளை வெளியே எடுத்தார்கள், பல முழு உடலாக. ஒரு டைனோசர் உண்மையில் எப்படி இருந்திருக்கும் என்பதை உலகம் அங்கேதான் தெளிவாகப் பார்த்தது. அந்த இனத்தின் அறிவியல் பெயரில் ஊரின் பெயர் இருக்கிறது. தோண்டியவர்கள் பெயர் இல்லை.

கோலார் தங்கவயலை விட்டுவிட்டுத் தமிழில் இதைப் பேச முடியாது. அங்கே இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். 1940களில் எடுத்த ஆய்வில் அங்கே சோதித்தவர்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. அதே சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் இயற்பியலாளர்கள் வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைக் கண்டார்கள். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது கிடைத்தது. நியூட்ரினோ எந்தப் பாறையையும் ஊடுருவும். மற்ற விண்கதிர்களைப் பாறை வடிகட்டிவிடும். அதனால் அதைத் தேட அவ்வளவு ஆழம் வேண்டும். அந்த ஆழத்தை வெட்டித் தந்தது யாருடைய நுரையீரல் என்பதையும் அந்தக் கண்டுபிடிப்போடு சேர்த்தே நான் நினைத்துக்கொள்வேன்.

தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் சுரங்கத்திலிருந்து 2008இல் இன்னொரு செய்தி. 2.8 கிலோமீட்டர் ஆழத்துப் பாறைநீரில் ஒரே வகை பாக்டீரியா தனியாக வாழ்கிறது. சூரிய ஒளியே அதற்குத் தேவையில்லை. பாறையின் கதிரியக்கம் தண்ணீரை உடைத்து உண்டாக்கும் ஹைட்ரஜன்தான் அதன் பிழைப்பு. உயிர் எங்கெல்லாம் இருக்கலாம் என்ற நம் எண்ணத்தையே அது விரித்துவிட்டது.

சுரங்கத்துக்கு வெளியே, தோட்டத் தொழிலாளர் பாட்டில் இப்படி உண்டா?

இலங்கை மலையகத்தைப் பாருங்கள். தேயிலைக்கு முன்னால் அந்த மலைகளில் கோப்பிதான், அதாவது காப்பி. தென்னிந்தியாவிலிருந்து, ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி கூட்டிப்போன தமிழர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காலராவில் செத்தவர்கள் பலர். கோப்பிக் கன்று நட்ட மலையைக் காட்டி, அண்ணனைப் பறிகொடுத்தது அங்கேதான் என்று சொல்லும் நாட்டுப்பாட்டு இன்றும் பாடப்படுகிறது. நாலே வரி, அவ்வளவுதான்.

1869இல் இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி தெரிந்தது. கோப்பித் துரு என்ற பூஞ்சை நோய். 1880இல் அங்கே அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், பூஞ்சை வித்துகள் காற்றில் பரவி, ஈரமான இலையில் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே நுழைவதைக் காட்டினார். மலை மலையாக இடைவெளி இல்லாமல் ஒரே பயிரை நட்டதே நோய் பரவப் பாதை போட்டது என்பதையும் சுட்டிக்காட்டினார். தாவர நோயியலின் அடித்தளங்களில் ஒன்று அந்த ஆய்வு. பயிரைக் காப்பாற்ற முடியவில்லை. தோட்டங்கள் திவாலாகின, பாக்கி நின்ற கூலியோடு தொழிலாளர்கள் கைவிடப்பட்டார்கள். பிறகு தேயிலை வந்தது. தேயிலை வந்தபோதும் கங்காணி போகவில்லை, துண்டு முறையும் போகவில்லை. துண்டு என்றால் தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டு. அதை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1921இல்தான் அது ஒழிந்தது.

1930களில் மீனாட்சியம்மாள் நடேசய்யர் இந்த நிலைமையை மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தானே பாடினார், சிறு புத்தகங்களாகவும் போட்டார். பேச்சுக்கு முன்னால் பாட்டு. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத கூட்டத்துக்குச் சங்கம் என்றால் என்ன என்பது அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அந்த மக்களில் பெரும்பாலோரை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக ஆக்கியது.

அறிவியல் கண்டுபிடிப்பே தொழிலாளர் பிழைப்பை அழித்ததுண்டா?

உண்டு. சிலியின் அட்டகாமா பாலைவனம். மழையே பார்க்காத மண் என்பதால் வெடியுப்பு அங்கே கரையாமல் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தது. அதன் பெரும்பகுதி காற்றிலிருந்து படிந்தது என்பதை அதிலுள்ள ஆக்சிஜனின் ஐசோடோப்புகளை, அதாவது எடை வேறுபட்ட அணு வகைகளை, அளந்து அண்மைக் காலத்தில்தான் உறுதி செய்தார்கள். உரத்துக்கும் வெடிமருந்துக்கும் உலகமே அதை வாங்கியது. அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கூலியாக நிறுவனத்து வில்லைகளைத்தான் கொடுத்தார்கள்; அவை நிறுவனத்து கடையில் மட்டும் செல்லும். 1907 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு இக்கிகே நகரத்துக்கு நடந்து வந்தார்கள். கோரிக்கைகளில் ஒன்றை என்னால் மறக்க முடிவதில்லை: கொதிக்கும் தொட்டிகளுக்கு மேலே இரும்புக் கிராதி போட வேண்டும், ஆட்கள் உள்ளே விழுகிறார்கள். டிசம்பர் 21 அன்று சாந்தா மரியா பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்கள் மேல் ராணுவம் சுட்டது. எத்தனை பேர் என்பது இன்றும் தீராத சர்ச்சை.

இரண்டே வருடத்தில், 1909இல், ஜெர்மனியில் ஹேபர் என்ற வேதியியலாளர் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரித்துக் காட்டினார். 1913இல் ஆலை ஓடத் தொடங்கியது. உரமும் வெடிமருந்தும் செய்ய வெடியுப்பு தேவைப்படாமல் போனது. 1930களுக்குள் அட்டகாமாவின் வெடியுப்புத் தொழில் நொறுங்கியது, ஊர்கள் காலியாகின. இக்கிகே படுகொலையை லூயிஸ் அட்விஸ் நீண்ட இசைப்படைப்பாக எழுதினார். கிலாபாயுன் குழு 1970இல் பாடியது. 1973 ராணுவப் புரட்சி அதைத் தடை செய்தது.

பாடியதற்காகக் கொல்லப்பட்டவர்கள் உண்டா?

‘எல்லா மே விக்கின்ஸ்’ என்ற பெண். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பஞ்சாலைத் தொழிலாளி. ஒன்பது குழந்தைகள், நான்கு பேர் கக்குவான் இருமலில் இறந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள இரவு வேலையைப் பகலுக்கு மாற்றித் தரச் சொன்னார், மறுத்துவிட்டார்கள். 1929 காஸ்டோனியா வேலைநிறுத்தத்தில், வேலைக்குப் போகும் தாயின் வலியைத் தானே எழுதிப் பாடினார். அந்த செப்டம்பர் 14 அன்று கூட்டத்துக்குப் போகும் வழியில் லாரியை மறித்து அவரைச் சுட்டார்கள். முப்பது வயதுகூட ஆகவில்லை. யாருக்கும் தண்டனை இல்லை. ஜோ ஹில்லுக்கு ஒரு கொலை வழக்கில் மரண தண்டனை விதித்து, 1915 நவம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த விசாரணை நியாயமாக நடந்ததா என்ற கேள்வி அடங்கவே இல்லை.

இந்தப் பாடல்களை வரலாற்று ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா?

கவனத்தோடு. ரொட்டியும் ரோஜாவும் கேட்கும் புகழ்பெற்ற பாட்டு லாரன்ஸ் வேலைநிறுத்தத்தில் பிறந்தது என்று பலர் சொல்வார்கள். ஜேம்ஸ் ஓப்பன்ஹைமின் அந்தக் கவிதை 1911 டிசம்பரிலேயே பத்திரிகையில் வந்துவிட்டது, வேலைநிறுத்தம் அடுத்த மாதம்தான். நாள், எண்ணிக்கை, யார் முதலில் சொன்னது போன்றவற்றுக்குப் பாட்டை நம்பக் கூடாது. மூச்சு எப்படி அடைத்தது, கடைக் கடன் எப்படி ஏறியது, எந்த நேரத்தில் பயம் வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி அரிது.

பாட்டு ஆட்சிக்கு வந்தால் என்ன ஆகும்?

உலகத் தொழிலாளர் பாட்டான சர்வதேசிய கீதத்தை, 1871இல் பாரிஸ் மக்கள் அமைத்த கம்யூன் ஆட்சி நசுக்கப்பட்ட சூட்டில் எழுதியவர் யூஜின் பொத்தியே. 1888இல் லீல் நகரத்துத் தொழிலாளி பியேர் டெகெய்ட்டர் மெட்டமைத்தார். 1944 வரை அது சோவியத் நாட்டின் அரசு கீதம். 1989இல் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் அதே பாட்டை, அதையே பாடும் கட்சியின் அரசை எதிர்த்துப் பாடினார்கள். பாட்டு அதைக் கைப்பற்றியவர்களிடம் தங்குவதில்லை.

சொற்களே இல்லாத தொழிலாளர் பாட்டு இருக்கிறதா?

இருக்கிறது. 1934 செப்டம்பர் 22 அதிகாலை வேல்ஸின் கிரெஸ்ஃபோர்டு சுரங்கம் வெடித்தது. 266 பேர் இறந்தார்கள். பதினொரு உடல்கள்தான் மேலே வந்தன. மற்றவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள், அந்தப் பகுதியை அடைத்துவிட்டார்கள். டேவி விளக்குக்கு 119 வருடம் ஆகியிருந்தது. காற்றோட்டத்தை எப்படி அளப்பது என்பது எல்லோருக்கும் தெரியும். விசாரணையில் தெரியவந்தது, அளக்காமலே அளந்ததாகப் பதிவேட்டில் எண்கள் எழுதப்பட்டிருந்தன. கடைசியில் பதிவேட்டுக் குற்றத்துக்கு மட்டும் அபராதம் விழுந்தது.

ராபர்ட் செயின்ட் என்ற சுரங்கத் தொழிலாளி இறந்தவர்களுக்காக ஒரு மெட்டு எழுதினார், பித்தளை வாத்தியக் குழுவுக்கு. அதற்கு வரிகள் கிடையாது. டர்ஹாம் நகரத்தில் ஒவ்வொரு ஜூலையும் கூடும் சுரங்கத் தொழிலாளர் பேரணியில் அதை வாசிப்பார்கள். இங்கிலாந்தின் ஆழ நிலக்கரிச் சுரங்கங்கள் எல்லாம் மூடியாகிவிட்டன, வாசிப்பு நிற்கவில்லை. மெட்டு தொடங்கியதும் தொப்பிகள் இறங்கும், பேச்சு நின்றுவிடும்.